அக்காவின் இடுப்பளவு

ஐந்தாவது உடுப்பு இடுப்பில் ஏறவில்லை.

நோட்டில் குறித்து வைத்திருந்த அளவுக்குப் போன வாரம் வெட்டி, நேற்றுத் தைத்து முடித்த கவுன். பக்கவாட்டு ஜிப்பை மேலே இழுத்தால் இடுப்புக்குச் சற்றுக் கீழே வந்து மாட்டேன் என்று அடம்பிடித்தது. அதைத் தைத்தவள் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துப் பார்த்தாள். இன்னும் ஒரு இழுப்பு இழுத்தால் ஜிப் கையோடு வந்துவிடும். உடுப்பு மாட்டியிருந்ததோ மனுஷி மேல் இல்லை, டம்மி மேல். தலை கிடையாது, கை கிடையாது, இடுப்புக்குக் கீழே ஓர் இரும்புக் கம்பி. மனுஷி என்றால் நாலு நாள் நன்றாகச் சாப்பிட்டுப் பெருத்துவிட்டாள் என்று திட்டலாம். இது எதைச் சாப்பிட்டது?

அவளுக்கு ஊசி என்பது அக்கா வைத்த பேர். ஆள் ஒல்லி, பேச்சு குத்தல், எந்தக் கூட்டத்திலும் ஓட்டை போட்டு அந்தப் பக்கம் வந்துவிடுவாள். ஃபேஷன் படிப்பில் கடைசி வருஷம். படிப்பில் சேர்ந்த நாளிலிருந்து அவளுக்கு அளவுக்கு நிற்கிற ஆள் அக்காதான். மருந்துக் கடை கவுண்டரில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து, வீட்டிலும் தங்கைக்காக ஸ்டூல் மேல் ஏறி நிற்பாள். "என் காலுக்கு ஒரு விடிவுகாலமே கிடையாதாடி?" என்று கேட்பாள். ஆனால் நிற்பாள். கல்யாணமான பிறகும் நின்றாள், ஏனென்றால் மாமாவுக்குக் கப்பலில் வேலை, பாதி வருஷம் கடலில். அதனால் அக்கா இருந்தது அம்மா வீட்டில்தான்.

அப்புறம் ஒரு சாயங்காலம், அக்கா வேலை முடிந்து வந்த பஸ் வளைவில் கவிழ்ந்தது. அவ்வளவுதான். அதை நீட்டி முழக்கிச் சொல்ல வாய் வரவில்லை. எல்லாம் முடிந்தபிறகுதான் மாமாவால் வந்து சேர முடிந்தது. சில நாள் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், மறுபடி கப்பல் ஏறிவிட்டார்.

கல்லூரியில் கடைசித் திட்டத்துக்கு எது தூண்டுதல் என்று கேட்டார்கள். ஆறு உடுப்பு தைத்து மேடையில் காட்ட வேண்டும், ஆறுக்கும் ஒரே கரு. ஒருத்தி கடல் அலை என்றாள். ஒருத்தி பட்டாம்பூச்சி. ஊசியின் சிநேகிதி, வாய் மூடாத காரணத்தால் ரேடியோ என்று பேர் வாங்கினவள், தூண்டுதலை ஒட்டிக் காட்டும் பலகையில் துருப்பிடித்த ஜன்னல் படங்களாக ஒட்டி வைத்தாள். ஊசி தன் பலகையில் குத்தி வைத்தது அக்காவின் பழைய சட்டை ஒன்றை. முழங்கை இரண்டும் உப்பியிருந்த சட்டை. பை மாட்டி மாட்டி வலது தோளில் ஒரு கோடு தேய்ந்திருந்தது. ஒரே காலில் பாரத்தைப் போட்டு நிற்கிற பழக்கத்தால் இடது பக்கத்து ஓரம் இறங்கியிருந்தது. அந்த உப்பலையும் சாய்வையும் புதுத் துணியிலேயே வெட்டித் தைப்பதுதான் அவள் யோசனை. யாரும் போடாமலே யாரோ போட்டிருக்கிற மாதிரி ஒரு உடுப்பு. மேடம், அதாவது அந்தத் துறையின் தலைவி, பலகையை ரொம்ப நேரம் பார்த்தார். "நல்லா இருக்கு. ஆனா ஏதோ பண்ணுது" என்றார், கையைத் தேய்த்துக்கொண்டே.

யோசனை சரி, உடம்புக்கு எங்கே போவது? தன் பலகையோடு, கல்லூரி கழித்துப் போட்ட ஒரு டம்மியையும் ஊசி வீட்டுக்குத் தூக்கி வந்தாள். அக்காவின் அளவெல்லாம் அவளுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் வரும். மார்பு, இடுப்பு, முதுகு, தோள் என்று இடம் இடமாகப் பஞ்சு சுற்றி, மேலே பனியன் துணியில் இறுக்கமாக உறை போட்டுத் தைத்தாள். முடிந்ததும் நாலடி தள்ளி நின்று பார்த்தாள். அக்கா இருந்தாள். தலைதான் இல்லை.

அன்றைக்கு அம்மா வேலையிலிருந்து வந்து வாசலிலேயே நின்றுவிட்டாள். அம்மாவுக்கு மெத்தைக் கடையில் தலையணை அடைக்கிற வேலை. வரும்போது புருவத்தில், காது மடலில், எங்கேயாவது ஒரு துளி பஞ்சு ஒட்டியிருக்கும். டம்மியைப் பார்த்துக் கத்துவாள், அழுவாள், இதை வெளியே போடு என்பாள் என்று ஊசி பயந்துகொண்டிருந்தாள். அம்மா செருப்பைக் கழற்றினாள். கிட்டே வந்து டம்மியின் இடது தோளை உள்ளங்கையால் அழுத்தினாள்.

"இந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் சாய்வா நிப்பா" என்றாள். அப்புறம் டீ போடப் போய்விட்டாள்.

அந்த உடம்புதான் ஊசிக்கு இனி உலகத்தில் அக்கா என்று மிச்சமிருந்தது. போட்டோவில் இருப்பது முகம். கட்டிப்பிடித்தால் கைக்குள் எவ்வளவு அடங்குவாள் என்பதை எந்தப் போட்டோ சொல்லும்? அதனால் டம்மியை யாரையும் தொட விட மாட்டாள். ரேடியோ ஒருதரம் அதன் தோளில் சாய்ந்து நின்று பேச ஆரம்பித்து, வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

அப்பேர்ப்பட்ட டம்மிக்குத்தான் கவுன் ஏறவில்லை.

முதலில் அவள் சந்தேகப்பட்டது இஞ்ச் டேப்பை. துணி டேப் நாளாக நாளாக நீண்டுபோகும், அளவு பொய் சொல்லும். ஆனால் நீண்ட டேப் குறைத்துக் காட்டுமே தவிர, கூட்டிக் காட்டாதே. புது டேப் வாங்கி வந்து சுற்றினாள், அதுவும் ஒரு இஞ்ச் கூடத்தான் சொன்னது. சரி, மழைக்கால ஈரத்தில் பஞ்சு உப்பியிருக்கும் என்று இஸ்திரிப் பெட்டியால் ஆவி காட்டி அழுத்தினாள். அழுந்தியது. கையை எடுத்ததும் மெதுவாக மேலே வந்தது.

ஏற்கெனவே தைத்த நாலும் தொளதொள உடுப்புகள் என்பதால் அதுவரை தெரியவில்லை. இப்போது அவற்றையும் மறுபடி மாட்டிப் பார்த்தாள். நீளப் பாவாடையின் பின் ஓரம் கணுக்கால் வர வேண்டிய உயரத்தில் சரியாக இருந்தது. முன் ஓரம் மட்டும் தூக்கிக்கொண்டு நின்றது. இது இடுப்புப் பெருத்தால் வருகிற கோளாறு இல்லை. முன்பக்கம் எப்போது அப்படித் தூக்கும் என்று இரண்டாம் வருஷத்திலேயே பாடம் நடத்தியிருந்தார்கள். ஊசிக்கு அது ஞாபகம் வந்தது. வந்த வேகத்தில் அதை மென்று முழுங்கிவிட்டு, பாவாடையைக் கழற்றி மடித்து வைத்தாள்.

ரேடியோவிடம் மட்டும் சொன்னாள்.

"எலி ஏதாவது உள்ள குடும்பம் நடத்துதா?"

"எலி வந்தா பஞ்சு குறையும்டி, கூடுமா?"

"அப்ப அளவை நீதான் தப்பா எடுத்திருப்பே."

"நான் தப்பா எடுப்பேனா!" என்று சீறினாள் ஊசி. அளவு விஷயத்தில் அவளுக்கு அவ்வளவு திமிர்.

சோதித்துப் பார்த்துவிடுவோம் என்று டம்மியின் வயிற்றைச் சுற்றிக் கறுப்பு நாடா ஒன்றைக் குண்டூசியால் பதித்தாள். நாடாவின் இரண்டு முனையும் முன்பக்கம் நடுவில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. கல்லூரிக்குப் போகும்போது பார்த்தாள், தொட்டுக்கொண்டிருந்தன. வந்து பார்த்தாள், தொட்டுக்கொண்டிருந்தன. நமக்குத்தான் மூளை குழம்பிவிட்டது என்று நிம்மதியானாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை துணிச் சந்தைக்குப் போய்விட்டு மத்தியானம் திரும்பினால், நாடா முனைகளுக்கு நடுவே ஒரு விரல் நுழைகிற இடம். ஒரு குண்டூசிகூட பிடுங்கப்படவில்லை. கையை நீட்டி அந்த இடைவெளியில் வைத்தாள். வெதுவெதுவென்று இருந்தது. ஜன்னல் வெயில்தான், வேறென்ன. அந்த ஜன்னலில் மத்தியானம் அப்படித்தான் வெயில் விழும். இருந்தாலும் அவள் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.

மாடிப்படியில் கீழ் வீட்டு அம்மா பிடித்துக்கொண்டாள். "ஏண்டி, ஜன்னலோரம் ஒரு பொம்மை வெச்சிருக்கியே, அதுக்கு ஒரு திரை போடேன். தெருவிலேர்ந்து நிமிர்ந்து பார்த்தா உங்கக்கா நிக்கிற மாதிரியே இருக்கு." இரண்டு படி இறங்கியவள் திரும்பிப் பார்த்து, "இப்ப கொஞ்சம் பூசின மாதிரி இருக்கா" என்றாள். சொன்னபிறகுதான் தான் சொன்னது தனக்கே உறைத்தது போல வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டாள்.

அம்மா மட்டும் எதையும் கவனிக்காதவள் போலவே இருந்தாள். சாரல் அடித்தால் "அவ பக்கம் ஜன்னலைச் சாத்து" என்பாள். வீடு பெருக்கும்போது டம்மியின் கம்பியைச் சுற்றி மெதுவாகப் பெருக்குவாள். பத்து வார்த்தை பேசுகிற இடத்தில் ஒன்று பேசுகிறவளாக அம்மா மாறி மாசக்கணக்காயிற்று. ஊசிக்கு அதுவும் பயம்தான். ஒருத்தி போயாச்சு, இன்னொருத்தி கண்முன்னாலேயே நழுவிக்கொண்டிருக்கிறாளோ என்று. அதனாலேயே டம்மி விஷயத்தை அம்மாவிடம் எடுக்கவில்லை.

ஆறாவது உடுப்பு வெட்டும் முன்னால் மேடம் எல்லோருடைய டம்மியையும் உடுப்பையும் பார்க்க வேண்டும் என்றார். ஊசி டம்மியைப் போர்வையால் சுற்றி, ஆட்டோவில் தன் பக்கத்தில் உட்கார வைத்த மாதிரி சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். ஆட்டோக்காரர் விர்ரென்று கிளம்பியவர், கண்ணாடியில் ஒருதரம் பார்த்தார். அதற்கப்புறம் வண்டி மாட்டு வண்டியாகிவிட்டது. மேடு பள்ளத்தையெல்லாம் தடவித் தடவி ஏறி இறங்கினார்.

"அண்ணே, கொஞ்சம் வேகமாப் போங்க. லேட்டாகுது."

"வேகமாப் போலாம்மா, குலுங்குமே! பக்கத்துல அவங்க இந்த நிலைமையில இருக்கும்போது நான் எப்படிப் போறது? முகத்தை வேற மூடியிருக்காங்க, மயக்கமா?"

ஊசி பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். போர்வை நழுவி முன்பக்கம் நன்றாகத் தெரிந்தது. அப்போதுதான் அவள் அதுவரை முழுங்கி வைத்திருந்தது தொண்டைக்கு வந்தது. இது பெருத்த உடம்பு இல்லை. பிள்ளைத்தாய்ச்சி உடம்பு.

மேடம் டேப்பை எடுத்து ஒரு சுற்றுச் சுற்றினார், முகம் கடுத்தது. "இந்த டம்மிக்கும் இந்த அஞ்சு உடுப்புக்கும் சம்பந்தமே இல்லையே. ஒண்ணு உடம்பை மாத்து, இல்ல உடுப்பை மாத்து. ரெண்டும் ஒட்டலைன்னா மேடையில ஏத்த மாட்டேன், சொல்லிட்டேன். ஒரு வருஷம் திரும்பப் படிக்கணும்."

வீட்டுக்கு வந்த கையோடு கத்தரிக்கோலை எடுத்தாள். உள்ளே என்னதான் இருக்கிறது, இன்றைக்கு ரெண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று டம்மியின் பக்கவாட்டைத் திருப்பினாள். அக்காவைக் கிழிக்கிற மாதிரி இருந்தது. தையலைத் தேடினால் தையலே தெரியவில்லை. விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இரண்டு ஓரத்தையும் மாறி மாறிக் கோத்து, இழுத்து, முடிச்சை உள்ளே விழுங்க வைத்த தையல். ஊசி அப்படித் தைக்க மாட்டாள். தலையணையின் வாயை மூடுகிறவர்கள் தைக்கிற தையல் அது.

கத்தரிக்கோலை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். வெளிச்சம் போகிற நேரத்தில் அம்மா வந்தாள், காதோரம் பஞ்சுடன். மகளின் மடியைப் பார்த்தாள், டம்மியைப் பார்த்தாள்.

"வெட்டிட்டியா?" அம்மாவின் குரல் கீச்சிட்டது.

"இன்னும் இல்ல. ஏம்மா இப்படிப் பண்ணினே? நான் பயந்து செத்துட்டேன் தெரியுமா? பேய்னு நினைச்சேன். எனக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சுன்னு நினைச்சேன். அது அக்காம்மா! ஏன் அவளைக் கெடுக்கறே?"

அம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"கெடுக்கலடி. நீ செஞ்சதுதான் அவ மாதிரி இல்ல. அவளுக்கு அப்ப மூணு மாசம்."

ஊசி நிமிர்ந்தாள்.

"என்கிட்ட மட்டும்தான் சொன்னா. மாப்பிள்ளை கரைக்கு வந்ததும் நேர்ல சொல்லணும்னு வெச்சிருந்தா. உன்கிட்ட சொல்லட்டுமான்னு கேட்டேன். வேண்டாம்மா, அவதான் வாரத்துக்கு ஒருதரம் டேப்பைச் சுத்தறாளே, தானா கண்டுபிடிக்கட்டும், எத்தனை நாள்ல கண்டுபிடிக்கறான்னு பார்ப்போம்னு சிரிச்சா. மாப்பிள்ளைக்கு அப்புறமும் நான் சொல்லல. நடுக்கடல்ல தனியாக் கிடக்கிற மனுஷன், அதையும் எப்படித் தாங்குவார்?"

ஊசிக்கு அந்தக் கடைசி தடவை அப்படியே கண்முன் வந்தது. அக்கா ஸ்டூல் மேல் நிற்கிறாள். டேப் ஒரு இஞ்ச் கூடக் காட்டுகிறது. அக்கா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு இவளையே பார்க்கிறாள். இவள் என்ன செய்தாள்? "நொறுக்குத் தீனியைக் குறைடி, என் அளவெல்லாம் கெட்டுப்போகுது. மூச்சை இழு" என்றாள். அக்கா மூச்சை உள்ளே இழுத்தாள். டேப் பழைய இடத்துக்கு வந்தது. இவள் பழைய அளவையே எழுதிக்கொண்டாள். அதை வைத்துத்தான் டம்மி, அதை வைத்துத்தான் ஐந்து உடுப்பும். இத்தனை நாள் யாரையும் தொட விடாமல் காவல் காத்தது அக்காவை இல்லை, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற அக்காவை.

"கண்டுபிடிச்சேம்மா. டேப் காட்டுச்சு. நான்தான் மூச்சை இழுக்கச் சொன்னேன்" என்று ஓவென்று அழுதாள். அம்மாவும் அழுதாள். அக்கா போன நாளிலிருந்து அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து அழுதது அதுதான் முதல் தடவை.

அழுது ஓய்ந்தபிறகு அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு, "உன் படிப்பு கெடக் கூடாது. ஆனா இன்னும் கொஞ்ச நாள்தான். அதுவரைக்கும் விட்டுரேன்" என்றாள். எதுவரைக்கும் என்று ஊசி கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது. கத்தரிக்கோலைப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள்.

மறுநாளே ஐந்து உடுப்பையும் பிரிக்க உட்கார்ந்தாள். நல்லவேளையாகத் தையலுக்கு உள்ளே துணி தாராளமாக விட்டிருந்தாள். இடுப்பில் பிடித்த டார்ட் மடிப்பையெல்லாம் அவிழ்த்தாள், முன் ஓரத்தை இறக்கினாள், கவுனுக்குப் பக்கவாட்டில் புதுத் துண்டு ஒட்டினாள். ரேடியோ பக்கத்தில் இருந்து நூலைப் பிரித்துக் கொடுத்தாள், அதிசயமாக வாயைத் திறக்காமல். மேடம் வந்து பார்த்தார். கவுனின் வயிற்றுப் பக்கத்தை மெதுவாக நீவிவிட்டுப் போனார். ஆறாவது என்ன என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை. ஊசிக்கும்தான்.

ஞாயிறுதோறும் அம்மா பஞ்சு வைத்தாள். இப்போது ஒளிவு மறைவில்லை. ஊசி உறையைப் பிடித்துக்கொள்வாள், அம்மா அடைத்துத் தைப்பாள். வயிறு மேலே ஏறி, பிறகு நாள் நெருங்கினவளுக்குப் போலக் கொஞ்சம் கீழே இறங்கியது. "இறங்கிருச்சு" என்றாள் அம்மா, தன் கையால் வைத்த பஞ்சைப் பார்த்தே.

அப்புறம் ஒரு சாயங்காலம் கல்லூரியிலிருந்து வந்து கதவைத் திறந்தாள். டம்மி தட்டையாக நின்றது.

பழைய இடுப்பு. பழைய அளவு. அவள் எந்த உடம்புக்காக டேப்போடு மல்லுக்கட்டினாளோ அதே உடம்பு, ஜன்னலோரத்தில். பக்கவாட்டில் தையல் பிரிந்து, உறை தளர்ந்து தொங்கியது. கேட்டது கிடைத்தபிறகு அவளுக்கு அதைப் பார்க்கவே முடியவில்லை. உள் அறையில் யாரோ யாரையோ தட்டிக்கொடுக்கிற சத்தம், சீராக, மெத்து மெத்தென்று.

அம்மாவும் போய்விட்டாள், மூளை கலங்கி இந்த வீட்டுக்குள்ளேயே போய்விட்டாள் என்றே நினைத்தாள். நிலையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். அம்மா கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். வயிற்றோடு அணைத்தபடி, டம்மியிலிருந்து எடுத்த பஞ்சை அடைத்த ஒரு சின்னத் தலையணை. உறை, பலகையில் குத்தி வைத்திருந்த அக்காவின் அந்தச் சட்டை. முழங்கை உப்பியிருந்த இடத்தை வெட்டி, ஒரு மூலையில் தலை மாதிரி உருண்டையாக வைத்துத் தைத்திருந்தது.

"அம்மா?"

"பயப்படாத. எனக்கு ஒண்ணும் ஆகல" என்றாள் அம்மா, தட்டுவதை நிறுத்தாமல். "காலையில கடைக்குப் போய் வேலையெல்லாம் முடிச்சுட்டுத்தான் வந்தேன். இது தலகாணின்னு எனக்குத் தெரியும்டி. நாள் பூரா அதைத்தானே அடைக்கறேன், எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் வெச்சிருக்கேன்."

ஊசி அங்கேயே நின்றாள். சிரிப்பதா, கத்துவதா, ரேடியோவைக் கூப்பிடுவதா என்று ஒன்றும் புரியவில்லை. பயம் போகவில்லை, அப்படியேதான் இருந்தது. அந்தப் பயத்தோடேயே முன் அறைக்குப் போனாள். டம்மியின் கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்துக்கொண்டு வந்து கட்டிலோரம் மண்டியிட்டாள்.

"கொஞ்சம் தள்ளும்மா. ஆறாவதுக்கு அளவெடுக்கணும்."

அம்மா மகளின் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். தட்டுவதை நிறுத்திவிட்டுக் கையை விலக்கினாள். "மெதுவா" என்றாள்.

ஊசி டேப்பைத் தலையணையைச் சுற்றிப் போட்டாள். அம்மாவின் வயிற்றோடு ஒட்டிக் கிடந்ததால், அம்மா மூச்சு விட விட அதுவும் மெல்ல ஏறி இறங்கியது. டேப்பும் கூடவே ஏறி இறங்கியது. அளவு ஒரு இடத்தில் நிற்கவில்லை. ஏறினபோது டேப் என்ன காட்டியதோ, அதையே எழுதிக்கொண்டாள். இந்தத் தடவை அவள் யாரையும் மூச்சை இழுக்கச் சொல்லவில்லை.